பரிமளா, உன் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள்

என் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு மகளாகிப்போன பரிமளாவுக்கு,

அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் நழுவக் கூடாது. உன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தணிகாசலம், புதுச் சட்டையில். ரிப்பன் வெட்ட வந்த அதிகாரி. அவர் பெயரைச் சொல்லும்போது மைக் கரகரத்துவிட்டது, இல்லையென்றால் மறந்திருக்க மாட்டேன். உன்னோடு ஊர் ஊராக அலைந்த ஐயம்பேட்டை யமுனா டீச்சர். எதற்கெடுத்தாலும் சிரிக்க வைக்கும் கருணாகரன் சார். வாலாஜாபாத் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரெஜினா டீச்சர். உன் மகள் நிலா, உன்னுடைய அந்த மாம்பழக் கலர் புடவையில். உன் புருஷன், என் மகன் சேகர். அப்புறம் நான். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டதல்லவா, உன் பெயரில் ஓர் அறை திறந்தார்கள். சுற்றுச்சூழல் வள அறை என்று வாசலில் எழுதியிருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, நல்ல அறை. சுவர் முழுக்க மரமும் பறவையும் வரைந்திருக்கிறார்கள். அலமாரி நிறையப் புத்தகம், ஒரு கம்ப்யூட்டர். உன் போட்டோவுக்கு மாலை. அதற்குக் கீழே, சுவரோடு சேர்த்துக் கண்ணாடி அடித்து, உள்ளே ஒரு சின்ன விளக்குப் போட்டு, உன் பச்சை டிரங்குப் பெட்டி.

அந்த விளக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்ற டீச்சர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

ஊரார் வயலில் நாற்று நடக் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுக்கு நீ டீச்சராகவே வந்தாய். முதல் தடவை உன்னைச் சுற்றுச்சூழல் பயிற்சிக்கு அனுப்பியது உன் அருமை தெரிந்து இல்லை. விடுமுறை நாளில் சென்னைக்குப் போக மற்றவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, நீ புதிது, உன் தலையில் கட்டினார்கள். சாயங்காலம் ஒரு பை, ஒரு பேனா, ஒரு சான்றிதழோடு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாய்.

"நாள் முழுக்க மரத்தப் பத்திப் பேசினாங்க அத்தை. ஒரு ஜன்னலக்கூட தொறக்கல."

ஏசி போட்டிருப்பார்கள் என்றேன். நீ சிரிக்கவில்லை. பயிற்சி கொடுக்கக் கருத்தாளர் என்று வந்தவர் திரையில் இருந்ததை அப்படியே படித்தாராம். பின்வரிசையில் புடவை விலை பேசிக்கொண்டிருந்தார்களாம். அதைத்தான் நாங்கள் போய்ப் பிள்ளைகளிடம் படிக்கிறோம் என்று சொன்னாய். உனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கு அப்புறம் நீயாகத் தேட ஆரம்பித்தாய். சதுப்பு நிலம் ஒன்றின் ஓரத்தில் ஒரு வாரம் முகாம், வெளி மாநிலத்து டீச்சர்கள்கூட வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விடுப்புப் போட்டுப் போனாய். அப்போது என் நாத்தனார் என்ன சொன்னாள் தெரியுமா? "குடும்பப் பொம்பள சேத்துல எறங்கி இன்னாத்தப் படிக்கப் போறா?" என்று என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் காபி கொடுப்பதில்லை. மோர்தான்.

நீ கறுத்துப்போய், முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்துபோய் வந்தாய். முகம் மட்டும் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது. அங்கே முதல் நாள் யாரும் பாடமே எடுக்கவில்லையாம். தண்ணீர் ஓரத்தில் உட்கார வைத்து, மனசில் ஒரு கேள்வி வருகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னார்களாம். உனக்கு மதியம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை என்று வெட்கத்தோடு சொன்னாய். "டீச்சருக்கே கேள்வி வரலன்னா புள்ளைக்கு எங்கருந்து அத்தை வரும்?" என்றாய். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எனக்கு நிறையக் கேள்விகள் உண்டு, கேட்டால் அடிப்பார்கள் என்று கேட்டதில்லை. ஆகவே நீ சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

பிறகு நீயே கருத்தாளர் ஆனாய். உன் பயிற்சிக்கு மண்டபம் கிடையாது. வேகவதி ஆற்றங்கரை, ஐயம்பேட்டை ஏரி, சில நாள் நம் தெரு. நம் தெருக் கோடியில் பட்டு நூலைச் சோடா போட்டு அவிக்கிற முருகேசன் வீட்டுச் சாக்கடைக்கே டீச்சர்களைக் கூட்டி வந்துவிட்டாய். மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த காகிதத்தை அதில் நனைக்கச் சொன்னாய். காகிதம் குங்குமமாகச் சிவந்ததும் கருணாகரன் சார், "சாமி வந்துடுச்சுபா, கற்பூரம் ஏத்துங்க" என்றார். முருகேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். எங்கள் பிழைப்பில் மண் போடுகிறாயா என்று கத்தினான். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நீ அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டாய்.

"எதுக்கு சோடா போடறீங்க, போடலன்னா பட்டு இன்னா ஆவும், நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்கண்ணா. எனக்குச் சரியா சொல்ல வராது."

அவன் டீ குடிக்கிற நேரம் வரைக்கும் பேசினான். கடைசியில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவனே கேட்டுக்கொண்டான். நீ பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது உன் கழுத்து நரம்பில் தெரிந்தது. அதைத்தான் நான் மெச்சினேன். எனக்கு அந்தப் பொறுமை வந்ததே இல்லை.

பெட்டி யோசனை கருட சேவை அன்று வந்தது. சாமி நின்று போகிற நம் தெரு மண்டகப்படியில் பெருமாளுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். படுத்த படுக்கையாக இருந்த எதிர்வீட்டு அம்மாவைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். நீ அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கோயிலுக்கு வர முடியாதவங்களுக்காகத்தானே சாமி வெளிய வர்றாரு அத்தை?"

பின்னே எதற்கு என்றேன். பயிற்சியும் அப்படித்தான் வர வேண்டும் என்றாய். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி வேலைக்குப் போகிற டீச்சர் எப்படிச் சென்னை முகாமுக்கு வருவாள்? அப்புறம் ஒரு வாரம், உன் அம்மா வீட்டுச் சீராக வந்த பச்சைப் பெட்டியைக் காலி செய்து, அதற்குள் உனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினாய். நீர்ப்பூச்சி பிடிக்கிற வெள்ளைத் தட்டு, பூதக்கண்ணாடி, மஞ்சள் காகிதம், மருந்துச் சீசாவில் விதைகள், கிணற்று ஆழம் பார்க்க முடிச்சுப் போட்ட கயிறு. மண்டகப்படிக் கணக்காக முறை வைத்தாய். ஒரு மாதம் ஒரு பள்ளிக்கூடம். பெட்டி வந்த இடத்தில் அக்கம்பக்கத்து டீச்சர்களை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டுச் சுண்டலும் டீயும் கொடுத்து, எல்லாரும் ஆற்றுக்கோ ஏரிக்கோ இறங்க வேண்டும். அடுத்த ஊருக்கு அனுப்புமுன் தங்கள் சார்பில் புதிதாக ஒரு பொருள் வைக்க வேண்டும். கிறிஸ்தவப் பள்ளி டீச்சர் ஒருவர் மண்டகப்படி என்றால் எங்களுக்கு எப்படி என்று கேட்டபோது, கருணாகரன் சார், "உங்க மாதா தேர் மட்டும் தெரு சுத்தலையாம்மா? அதே கணக்குதான்" என்றார்.

ஒரு தடவை பூதக்கண்ணாடி உடைந்து வந்தது. கொண்டு வந்த டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். "ஒடைஞ்சா ஒடைஞ்சதும்மா. பூட்டி வெச்சிருந்தாதான் நான் கோவிச்சிருப்பேன்" என்று அவளிடம் சொன்னாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், காதால் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் உன் வயிற்றுக் கட்டி பற்றி டாக்டர் பேசிவிட்டுப் போன பிறகும் நீ என்னைக் கேட்டது அதைத்தான். வாலாஜாபாத் முறை வருகிறதே, பெட்டி போய்விட்டதா என்று. போய்விடும் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

போகவில்லை, பரிமளா. உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு சேகரிடம் கேட்டேன். யாரோ ஒரு டீச்சரிடம் இருக்கிறது என்றான். நம்பினேன். என் பிள்ளை, நம்பாமல்?

அறைத் திறப்பில் எல்லாரும் பேசினார்கள். தணிகாசலம் நன்றாகவே பேசினார். உன் இடத்தை நிரப்ப முடியாது என்று அவர் சொன்னது நடிப்பு இல்லை. பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு மேடைப் பேச்சு தெரியாது. மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"பெட்டி எப்போ கெளம்புதுங்க?"

தணிகாசலம் சிரித்த முகமாக, அது இனிமேல் எங்கேயும் போகாதும்மா, பத்திரமாக இங்கேயே இருக்கும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். உன் கணவரே மனசார எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அவர் சொன்னதும் இன்னொரு தடவை கை தட்டினார்கள். நான் சேகரைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக் என் கையில்தான் இருந்தது. "தெரு சுத்தி வர்ற சாமியக் கொண்டுபோய் மூலவரா உக்கார வெச்சிட்டீங்களே சார்" என்றேன். கூட்டம் சிரித்தது, நான் புகழ்கிறேன் என்று நினைத்து. இந்த ஊர்க்காரர்கள் தவிர வேறு யாருக்கு இப்படிச் செய்யத் தோன்றும்? மரியாதை என்றால் விளக்குப் போட்டு, கதவு போட்டு, மாலை போட்டு அசையாமல் வைப்பது என்றே நமக்குப் பழகிவிட்டது. பொன்னாடை போர்த்தி என்னை உட்கார வைத்தார்கள்.

பிறகு தணிகாசலம் என்னிடம் தனியாக வந்து சொன்னார். பெட்டியைப் பள்ளிச் சொத்தாக எழுதியாகிவிட்டதாம், வெளியே விட்டு ஒரு பொருள் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். முன்னே ஒரு தடவை பக்கத்துப் பள்ளிக்கு இரவல் கொடுத்த நுண்ணோக்கி திரும்பி வராமல் அவர் பட்ட பாடு உனக்கும் தெரியும். மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும், வரலாம், வராமலும் போகலாம் என்றார். கையைக் கூப்பியபடியே சொன்னார். கும்பிடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

வெளியே வேப்ப மரத்தடியில் டீ கொடுத்தார்கள். அங்கே ரெஜினா தனியாக நின்றிருந்தாள். நீ பார்த்ததில்லை அவளை. சின்ன உருவம், பெரிய பை. பையில் என்னம்மா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு திறந்து காட்டினாள். தேங்காய் நார்க் கயிறு. பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றக் கொண்டு வந்திருக்கிறாள். திறப்பு விழா என்றால் இன்றைக்கு வாலாஜாபாத் முறை தொடங்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

"வர்ற சனிக்கிழமைக்குச் சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் சொல்லிட்டேன் ஆயா. பெட்டி வருதுன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். இப்போ வெறுங்கையோட இன்னா செய்வேன்?"

சுற்றுச்சூழல் மன்றத்துக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களாம். பயிற்சி ஏதாவது கொடுத்தார்களா என்றேன். போனில் வந்ததாம். வீடியோவை ஓட்டித் தள்ள முடியாது, அதனால் ஓடவிட்டுவிட்டுச் சோறு வடித்தாளாம். கடைசியில் கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் வந்துவிட்டது. படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது என்றாள், பாவம், நியாயமான பெண். "ஆனா தண்ணியில எறங்குன்னு அது சொல்லலைங்க. நான் எறங்கினதே இல்ல. புள்ளைங்கள எப்படி எறக்குவேன்?"

யமுனா டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்போதும் முதலில் சண்டைக்குப் போகிறவள் அவள். டம்ளரைக் கீழே வைத்தாள். "பெட்டிதானே உள்ள இருக்குது. நாம வெளியதானே இருக்கோம்" என்றாள்.

அவ்வளவுதான். பெட்டியில் இருக்கிற பறவைப் படச் சீட்டு நான் வரைந்தது, இன்னொரு தடவை வரைய எனக்குக் கை இல்லையா என்றாள் யமுனா டீச்சர். டீ வடிகட்டி என் வீட்டிலிருந்து போனது, மனைவி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், இன்னொன்றும் போகட்டும் என்றார் கருணாகரன் சார். தூக்கணாங்குருவிக் கூடு யார் வைத்தது என்பதில் மட்டும் தகராறு. இரண்டு பள்ளிக்கூடம் உரிமை கொண்டாடியது. ஐயம்பேட்டை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நீ அதைப் பிரித்துக் காட்டிய அன்று நம் வீட்டுத் தரையெல்லாம் நார்க்குப்பை, பெருக்கியவள் நான், எனக்கு மறக்குமா? மஞ்சள் காகிதம் நிலா செய்கிறேன் என்றாள். பச்சைப் பெட்டிக்குப் பதிலாக யமுனா டீச்சரின் பழைய சூட்கேஸ்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேகரிடம் கேட்டேன். ஏன் பொய் சொன்னாய் என்று.

"பெட்டி வாசல்ல வந்து எறங்கற சத்தம் கேட்டா அவ வர்றான்னு தோணுதும்மா. திரும்பப் போனா அவ போறா மாதிரி இருக்குது. ஒரே எடத்துல இருந்தா அவளும் ஒரே எடத்துல இருப்பா."

அழுதான். என் மடியில் தலையை வைக்க வந்தான். நான் எழுந்து உலை வைக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலையில் சூட்கேஸ் நம் வீட்டில்தான் இருந்தது. அவன் குளித்துவிட்டு வந்து, வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று கையை நீட்டினான். "நீ தொடாத" என்றேன். நானும் நிலாவும் பஸ்ஸில் எடுத்துப் போனோம்.

பரிமளா, நீ பார்த்திருக்க வேண்டும். பாலாற்றில் மணலுக்கு நடுவே ஒரு குட்டை மட்டும் தேங்கியிருந்தது. டீச்சர்கள் புடவையைச் சொருகிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். கேள்வி வராமல் எழுந்திருக்கக் கூடாது என்று யமுனா டீச்சர் உன்னைப் போலவே சொன்னாள். வெயில் ஏறிற்று. ஒருத்தர் போனை எடுத்தார், கருணாகரன் சார் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ரெஜினா முதலில் காலை நனைத்தாள், பிறகு முழங்கால் வரைக்கும் இறங்கினாள். வடிகட்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டினாள். ஏதோ ஒன்று நெளிந்தது. அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஆறு காஞ்சு கெடக்கிறப்ப இது எங்க போயி இருக்குது?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை. யமுனா டீச்சருக்குத் தெரியவில்லை, கருணாகரன் சாருக்குத் தெரியவில்லை. ஒருவரும் வெட்கப்படவும் இல்லை. மணலைத் தோண்டிப் பார்க்கலாமா என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கோடையில் வந்து பார்க்கிறேன் என்றாள். மதியச் சோறு ஆறிப்போனது தெரியாமல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நீ இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாயா, இல்லை கழுத்து நரம்பு புடைக்க வாயை மூடிக்கொண்டிருப்பாயா?

ரெஜினா சூட்கேஸில் என்ன வைக்கப் போகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை. அடுத்த முறை எந்த ஊர் என்று முடிவாகிவிட்டது. உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. எந்தப் பள்ளிக்கூடத்திலாவது அது ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தால், ஹெட்மாஸ்டர் அறை வாசலிலேயே போய் உட்காருவேன். எனக்கு முட்டி வலி இருக்கிறது, வாய் வலி இல்லை. எனக்கு அப்புறம் நிலா உட்காருவாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

தணிகாசலத்தின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மேலே எழுதிக் கேட்டிருக்கிறார், மனுஷன் வார்த்தை தவறவில்லை. ரிப்பன் வெட்டியவர் பாவம், கத்தரியைக் கொடுத்தார்கள், வெட்டினார். என் நாத்தனாருக்குக்கூட ஒரு நாள் காபி கொடுத்தாலும் கொடுப்பேன். ஆனால் மாதா மாதம் அந்தப் பெட்டியைத் தன் வண்டியில் கட்டி, நீ பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் ஒருவன் உண்டு. அது எதற்குப் போகிறது என்று இந்த உலகத்தில் எல்லாரையும்விட அவனுக்குத்தான் தெரியும். விட்டுவிடுங்கள் அத்தை, அவர் பாவம் என்று நீ சொல்லியிருப்பாய். சொல்ல நீ இல்லை. சோறு போடுகிறேன், சட்டை துவைத்துப் போடுகிறேன், காய்ச்சல் வந்தால் பத்துப் போடுகிறேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், என் வயிற்றில் பிறந்த சேகரை.

இப்படிக்கு,
உன்னை மருமகளாகக் கூட்டி வந்த புண்ணியத்தைத் தவிர வேறொன்றும் சேர்க்காத
உன் அத்தை கன்னியம்மாள்,
பெரிய காஞ்சிபுரம்